நன்றாகப் பேசியவருக்கு ஏற்ற மென்பொருள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மென்பொருள் விஷயத்தில் வாயுள்ள துறை பிழைத்துக்கொள்கிறது. மென்பொருளில் என்னென்ன வேண்டும் என்று கேட்கும் கூட்டத்தில் யார் தெளிவாகப் பேசுகிறார்களோ, அவர்களுடைய வேலை திரையில் அழகாக வந்துவிடும். பேசாதவர்களின் வேலை ஒரு ‘ரிமார்க்ஸ்’ கட்டத்துக்குள் ஒடுங்கிப்போகும். இதை நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் துணிக் கணக்குப் பார்த்தேன். அங்கே ஈ.ஆர்.பி., அதாவது எல்லாத் துறைக் கணக்கையும் ஒன்றாக வைக்கும் மென்பொருள் வந்தபோது, துறையின் சார்பில் பேசும் ‘கீ யூசர்’களில் ஒருத்தியாக என்னையும் ஆக்கினார்கள். அப்புறம் மென்பொருள் போட்டுக்கொடுக்கும் வேலைக்கே வந்துவிட்டேன். இப்போது கூட்டத்தில் கேள்வி கேட்கிற ஆள் நான்.

திருப்பூர் வேலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புவோம். அது கிரே துணியாக, அதாவது சாயம் ஏறாத துணியாகத் திரும்பும். அந்தத் துணி சாயமேற்ற டையிங் போகும், பிறகு துணி சுருங்காதபடி அமுக்கி எடுக்கும் காம்பாக்டிங், சில ஆர்டர்களுக்குப் பிரிண்டிங். அதற்கப்புறம்தான் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதில் பெரும்பகுதி வெளியே ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்துகொடுப்பவர்களிடம் நடப்பது. சரக்கு கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு டி.சி., அதாவது டெலிவரி சலான் போட வேண்டும். முன்பெல்லாம் ஒரு டி.சி. புத்தகமும் ஓர் எக்செல் ஷீட்டும் இருந்தால் பிழைப்பு ஓடியது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும், வராவிட்டால் அதை விற்றதாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று சட்டம் சொன்னது. எது போனது, எது வந்தது என்று ஐ.டி.சி.-04 படிவத்தில் காட்ட வேண்டியிருந்தது. ஆடிட்டர் முதலாளியை நெருக்க, முதலாளி எங்களை நெருக்க, மென்பொருள் வாங்குவது என்று முடிவானது.

முதல் கூட்டம் கான்ஃபரன்ஸ் அறையில் நடந்தது. மென்பொருள் நிறுவனத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். சுவரில் ஆங்கிலத்தில் ஸ்லைடு. எங்கள் பக்கம் முதலாளி, அவர் மகன், மெர்ச்சண்டைசிங் மேனேஜர், அக்கவுண்ட்ஸ் மேடம், கட்டிங் மாஸ்டர், துணி ஸ்டோர் பார்க்கும் அண்ணன், நான். ஸ்டோர் அண்ணனுக்கு நாற்காலி இருந்தது. ஆனாலும் கதவோரம் நின்றுகொண்டே இருந்தார். முதலாளி இரண்டாவது தடவை சொன்ன பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

பேசியதெல்லாம் மெர்ச்சண்டைசிங் மேனேஜர்தான். வெளிநாட்டு பையர்களோடு தினமும் போனில் பேசுகிறவர். எதையும் மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுவார். ஆர்டர் உறுதியாவதிலிருந்து கப்பல் ஏறுவதுவரை படி படியாக, தேதிக் கணக்கோடு சொன்னார். அந்த இளைஞர்கள் மகிழ்ச்சியாகக் குறித்துக்கொண்டார்கள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில் வேலை எப்படி ஓடும் என்பதைச் சொன்னார். அப்படிப்பட்ட நாள் எங்கள் ஸ்டோரில் அபூர்வம்.

“டையிங்ல வெயிட் லாஸ் எவ்வளவு சார்?” என்று ஓர் இளைஞர் கேட்டார், சாயமேற்றும்போது துணியின் எடை எவ்வளவு குறையும் என்று. “ஸ்டாண்டர்டா ஒரு பர்சன்டேஜ் வெச்சுக்கலாம்” என்றார் மேனேஜர். எழுதிக்கொண்டார்கள். கடைசியில் ஸ்டோர் அண்ணன் பக்கம் திரும்பி, “உங்க சைடுல வேற ஏதாவது இருக்குங்களா?” என்றார்கள். “இல்லீங்க. சரியா இருக்குதுங்க” என்றார் அண்ணன். கூட்டம் முடிந்தது.

அண்ணனுக்குத் தெரிந்தது என்ன என்பது எனக்குத் தெரியும், தினமும் அவரோடு கணக்கு ஒத்துப் பார்ப்பவள் நான்தானே. வெயிட் லாஸ் நிறத்துக்கு நிறம் மாறும், துணி வகைக்கு மாறும், டையிங் பட்டறைக்குப் பட்டறை மாறும். பருத்தி ஈரம் குடிக்கும் சரக்கு. உலர்ந்த எடைக்கு மேல் 8.5 சதவீதம் ஈரம் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வணிகத்திலேயே அதன் எடையைக் கணக்கிடுகிறார்கள். ஐப்பசி மழையில் வந்த ரோலும் சித்திரை வெயிலில் வந்த ரோலும் தராசில் ஒன்றாக நிற்காது. அதோடு, ஒரு டி.சி.யில் போன துணி ஒரே வண்டியில் திரும்பி வருவதும் குறைவு. இன்றைக்குக் கொஞ்சம் ரோல், நாளை கொஞ்சம். ஷேடு, அதாவது நிறம் சரியில்லாத ரோல் அதே டி.சி. கணக்கிலேயே மறுபடி சாயமேற்ற, ரீ-டைக்குத் திரும்பிப் போகும். சில சமயம் இரண்டு டி.சி. துணி கலந்து ஒரே லோடில் வந்து இறங்கும். இதையெல்லாம் பென்சிலில் டி.சி. காப்பியின் பின்பக்கம் எழுதி வைத்திருப்பார்.

மென்பொருள் ஓடத் தொடங்கியதும் என்ன ஆயிற்று? சொன்ன சதவீதத்துக்குள் எடை வராத டி.சி.யைக் கணினி மூட விடவில்லை. மூடாத டி.சி. சேர்ந்தால் மேலே சிவப்பு நிறத்தில் ரிப்போர்ட் போகும். அதனால் ஸ்டோரில் எடையைக் கணினிக்குப் பிடித்த மாதிரி போட ஆரம்பித்தார்கள். திரையில் இருந்த ஸ்டாக்குக்கும் ரேக்கில் இருந்த ஸ்டாக்குக்கும் சம்பந்தம் இல்லாமல் போனது. உண்மையான கணக்கு அண்ணனின் சட்டைப்பை நோட்டுக்கு மாறியது. வேலையைக் குறைக்க வந்த மென்பொருளால் ஒரு நோட்டு கூடியதுதான் மிச்சம்.

மென்பொருள்காரர்கள் “யூசர் ரிக்வயர்மென்ட் சொல்லவில்லை” என்றார்கள். நிர்வாகம் “அவருக்கு கம்யூனிகேஷன் போதாது” என்றது. இரண்டாவது வாக்கியம்தான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. ஏனென்றால் இதே மனிதர் எடைத் தராசுக்குப் பக்கத்தில் நின்று டையிங் பட்டறைக்காரரோடு பேசுவதைப் பார்க்க வேண்டும். எத்தனை கிலோ குறைகிறது, எந்த ரோலில், போன தடவை என்ன ஒப்புக்கொண்டார்கள் என்று விரல் நுனியில் வைத்திருப்பார். குரலை உயர்த்தாமல், குறைந்த எடைக்குப் பணம் கழிக்கும் டெபிட் நோட்டை வாங்கிவிடுவார். பேச்சுத்திறன் இல்லாதவர் செய்கிற வேலையா அது?

அந்த அறை கேட்டது வேறு வகைத் திறன். கையில் எந்தத் தாளும் இல்லாமல், பாதி ஆங்கிலத்தில், முதலாளிக்கு எதிரில், தன் வேலையை விதியாகச் சுருக்கிச் சொல்ல வேண்டும். இதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். தினமும் மெயில் எழுதி, ரிவ்யூ மீட்டிங்கில் உட்காருகிறவர்களுக்கு அது தானாக வந்துவிடுகிறது. தராசுப் பக்கம் நிற்கிறவர்களுக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும்?

அதற்காக, பயனர்களின் பேச்சுத்திறன் ஒரு பொருட்டில்லை, எல்லாம் மென்பொருள்காரர் தவறு என்று சொல்லிவிடவும் முடியாது. அந்தத் திறன் இல்லாவிட்டால் இழப்பு பயனருக்குத்தான். லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1992 அக்டோபர் 26 அன்று தன் புதிய கணினி முறையை முழுதாக ஓடவிட்ட கதை தகவல் அமைப்புப் பாடங்களில் அடிக்கடி வரும். வண்டியின் நிலையைத் தெரிவிக்கும் பொத்தான்களை ஊழியர்கள் கணினி எதிர்பார்த்தபடி அழுத்தவில்லை, சில இடங்களில் ரேடியோவும் எட்டவில்லை. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது கணினிக்குத் தவறிப்போய், அனுப்புவதெல்லாம் குழம்பியது. வண்டியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் சொல் வடிவமைப்புக்குள் சரியாக வந்து சேரவில்லை என்பதும் பின்னால் நடந்த விசாரணையில் பேசப்பட்டது. எங்கள் ஸ்டோரில் போனது கிலோ கணக்கு, அங்கே நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள்.

மென்பொருள் பக்கம் வந்த பிறகு படித்தவற்றில் எனிட் மம்ஃபோர்டைப் பற்றிய செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. தகவல் அமைப்புகளின் வடிவமைப்பில் பயனர்களைச் சேர்த்துக்கொள்வதற்கு ஒரு முறையையே வகுத்த ஆங்கிலேயப் பேராசிரியை, மான்செஸ்டர் பிசினஸ் ஸ்கூலில் இருந்தவர். ஆரம்ப காலத்தில் லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றி ஆராய வேண்டியிருந்தபோது, அவர்கள் சாப்பிடும் கேன்டீனில் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நிலக்கரிச் சுரங்க ஆய்வுக்காகச் சுரங்கத்துக்குள்ளேயே போய்த் தொழிலாளர்களிடம் பேசினார். அவர்கள் பேசுகிற இடத்துக்கு இவர் போனார். கான்ஃபரன்ஸ் அறைக்கு யாரையும் கூப்பிடவில்லை.

இப்போது ஒரு புது நிறுவனத்துக்குப் போனால் நான் முதலில் கேட்பது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். வண்டி வந்து நிற்பதிலிருந்து துணி ரேக்குக்குப் போவது வரை பார்ப்பேன். “உங்க ப்ராசஸ் என்னங்க?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு எல்லோரும் விதியைத்தான் சொல்வார்கள், அதுவும் முதலாளி சொன்ன விதியை. “கடைசியா டையிங்லருந்து வந்த டி.சி.யை எடுங்கண்ணா, அதுல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க” என்பேன். கையில் ஒரு தாள் வந்ததும் பேச்சு தானாக வரும். “இதா பாருங்க அம்மிணி, இதுல பத்து ரோல் போச்சு, ஏழுதான் வந்துச்சு, அதுலயும் ஒண்ணு ஷேடு வாங்கலைன்னு திருப்பி உட்டுட்டோம்” என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். ஒரே வகை டி.சி.யில் சிக்கலில்லாமல் முடிந்தது ஒன்று, சிக்கலானது ஒன்று, இன்னும் முடியாதது ஒன்று என்று எடுத்து வைத்துப் பேசினால், ஸ்லைடு போட்ட கூட்டத்தில் மாதக்கணக்கில் வராத விவரம் ஒரு மதியத்தில் வந்துவிடும்.

டி.சி.யின் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். பென்சில் குறிப்பு, வட்டம் போட்ட எண், ஓரத்தில் ஒட்டிய துண்டுச்சீட்டு எல்லாமே படிவத்தில் இடமில்லாத தேவைகள். எங்கெல்லாம் பின்பக்கம் எழுதியிருக்கிறதோ அங்கெல்லாம் திரையில் ஏதோ குறைகிறது என்று பொருள். வாய் பேசாத ஆட்கள் பலர் பேனாவால் நிறையப் பேசியிருப்பார்கள்.

இன்னொரு உத்தி, வேண்டுமென்றே தவறாக ஒரு திரையை வரைந்துகொண்டு போவது. “என்ன வேணும்?” என்று கேட்டால் வாய் திறக்காதவர், கண்ணெதிரே தப்பு இருந்தால் பொறுக்க மாட்டார். வெயிட்டுக்கு ஒரே ஒரு கட்டம் வைத்து வரைந்து காட்டினால், “ஏனுங்க, ரோல் வாரியா எடை வேண்டாங்களா? மொத்தமா போட்டா எந்த ரோல்ல குறையுதுன்னு எப்படிங்க கண்டுபுடிப்பீங்க?” என்று எழுந்து வந்துவிடுவார்கள். நான் திருப்பிச் சொல்லும்போதும் இப்படித்தான். “புரிஞ்சுதுங்களா?” என்று கேட்டால் நூற்றுக்கு நூறு பேரும் ஆமாம் என்பார்கள், அது மரியாதைக்குச் சொல்வது. “நான் சொன்னதுல எந்த இடம் தப்பு?” என்று கேட்டால் தப்பு எங்கோ இருக்கிறது, கண்டுபிடிப்பது தன் பொறுப்பு என்று ஆகிவிடும்.

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எனக்குக் கிடைத்த பெரிய உதவி. எழுதத் தயங்குகிறவர்கள், கூட்டத்தில் கூசுகிறவர்கள், ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பேசி அனுப்புவார்கள். “காலையில கேட்டீங்களே, அதுல ஒண்ணு உட்டுப்போச்சுங்க” என்று தொடங்கும் குரல் பதிவுகளில்தான் எனக்குப் பாதி டிசைன் கிடைக்கிறது. ஒரு நிபந்தனை மட்டும்: குரூப்பில் போடச் சொல்லக்கூடாது, தனியாக அனுப்பச் சொல்ல வேண்டும். குரூப்பில் மேனேஜர் இருந்தால் வருவதெல்லாம் ‘ஓகே சார்’தான்.

மேனேஜர், முதலாளி என்றதும் சொல்ல வேண்டிய பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பேசாமல் இருப்பதெல்லாம் திறன் குறைவு என்று எடுத்துக்கொள்வது பெரிய ஏமாற்று. பல சமயம் ஆளுக்குச் சொல்லத் தெரியும். சொன்னால் தனக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும்.

ஓர் உதாரணம். ஒரு நிறுவனத்தில் துணி ஸ்டாக் எப்போதும் ஆர்டர் வாரியாக இடித்துக்கொண்டே இருந்தது. மொத்தம் சரியாக இருக்கும், தனித்தனி ஆர்டரில் ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். கூட்டத்தில் கேட்டால் ஸ்டோர்காரர், “என்ட்ரி லேட்டாகுதுங்க, அதான்” என்பார். எல்லோரும் அவருக்குக் கம்ப்யூட்டர் வராது என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஒரு நாள் பேக்கரியில் டீ குடிக்கும்போது நான் வேறு விதமாகக் கேட்டேன். “சில கம்பெனியில ஷிப்மென்ட் நெருங்குனா ஒரு ஆர்டர் துணியை எடுத்து இன்னொரு ஆர்டருக்கு வெட்டிக்குவாங்க. இங்க எப்படிங்கண்ணா?” அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எல்லா ஊருலயும் இப்படித்தானுங்களா?” என்றார். அதன் பிறகு முழுவதும் சொன்னார். ஒரே நிறம், ஒரே ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) துணி இரண்டு ஆர்டரில் இருந்தால், அவசர ஆர்டருக்கு மாற்றிக் கொடுப்பார். பின்னால் வருகிற துணியை முந்தைய ஆர்டருக்கு ஈடுகட்டுவார். கட்டிங் மாஸ்டருக்குத் தெரியும், மெர்ச்சண்டைசருக்கும் தெரியும். மெர்ச்சண்டைசர் போனில் கெஞ்சித்தான் இது நடக்கிறது. ஏர் ஃபிரைட்டில் சரக்கு அனுப்பும் செலவு கம்பெனிக்கு மிச்சமாவது இந்த மனிதர் செய்கிற இந்தக் காரியத்தால். ஆனால் முதலாளிக்கு எதிரில் யாரும் சொல்ல முடியாது. சொன்னால் “யாரைக் கேட்டு மாத்துனே?” என்ற கேள்வி ஸ்டோர்காரர் தலையில்தான் விழும்.

இதில் உண்மையான ஆபத்தும் இருந்தது. ஆர்கானிக் பருத்தி ஆர்டர்களில் இப்படி மாற்றவே கூடாது. ஜி.ஓ.டி.எஸ். என்ற ஆர்கானிக் துணிச் சான்றிதழ் உள்ள ஆர்டர் என்றால் அந்த நூலும் துணியும் சாதாச் சரக்கோடு கலக்கவில்லை என்று ஒவ்வொரு கட்டத்திலும் காட்ட வேண்டும். மாற்றும் வழக்கத்தை மறைத்தே வைத்திருந்தால் என்றைக்காவது அங்கே கை தவறும். நான் கூட்டத்தில் யார் பெயரையும் எடுக்கவில்லை. ‘ஆர்டருக்கு ஆர்டர் துணி மாற்றம்’ என்று ஒரு வழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது, அதை அனுமதிப்பதா வேண்டாமா, அனுமதித்தால் யார் சம்மதம் தர வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்தேன். முதலாளி படித்துவிட்டுச் சிரித்தார். அவருக்கும் அரைகுறையாகத் தெரிந்தே இருந்திருக்கிறது. மெர்ச்சண்டைசர் தன் மொபைலிலேயே சம்மதம் தருகிற மாதிரி ஒரு மாற்றப் பதிவு வந்தது, ஆர்கானிக் லாட்டுக்கு அது பூட்டப்பட்டது. கம்ப்யூட்டர் வராது என்று பெயர் வாங்கியிருந்தவர், முதல் வாரத்திலிருந்தே அந்தப் பதிவைப் பிசகாமல் போட்டார்.

வேறு இடத்தில் நடப்பதாகச் சொல்லிக் கேட்பது எனக்குப் பல இடங்களில் கைகொடுத்திருக்கிறது. கேட்கப்படுகிறவர் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, கருத்துச் சொன்னால் போதும். ஆனால் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதை யார் சொன்னது என்று ஒரு முறை வெளியே விட்டுவிட்டால், அந்த நிறுவனத்தில் அப்புறம் யாரும் நமக்கு டீ வாங்கித் தர மாட்டார்கள்.

முதலாளியை என்ன செய்வது? அறையை விட்டுப் போகச் சொல்ல முடியாது. நான் செய்வது, தொடக்கத்தில் பத்து நிமிடம் அவரைப் பேச வைத்து, எதற்காக இந்த மென்பொருள் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, “மீதியை நாங்க பார்த்துக்கறோங்க, கடைசி அரை மணி நேரம் வந்தீங்கன்னா போதும்” என்று அனுப்பிவிடுவது. பெரும்பாலும் சந்தோஷமாகப் போய்விடுவார்கள், அவர்களுக்கும் வேலை இருக்கிறது. மகன்களை அனுப்புவதுதான் கடினம். புதிதாகப் படித்துவிட்டு வந்தவர்களுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியும்.

செக்கிங் பகுதியில் நிலைமை வேறு. அங்கே பேசத் தயங்குகிறவர்கள் இல்லை. அக்காக்கள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டேதான் பீஸ் பார்க்கிறார்கள். ஆனால் திரையைக் காட்டிக் கருத்துக் கேட்டால் அமைதி. ஆங்கில எழுத்தும் சின்னச் சின்னக் கட்டமும் அவர்களை வெளியே நிறுத்திவிடுகின்றன. அங்கே நான் சார்ட் பேப்பரோடு போகிறேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, ஷேடு, அளவு என்று ஒவ்வொரு குறைக்கும் ஒரு அட்டைத் துண்டு. எது எங்கே இருந்தால் கை சுலபமாகப் போகும் என்று அவர்களே மேசையில் அடுக்க வேண்டும். “கறைதான் பாப்பா ஜாஸ்தி வரும், அதைக் கைக்கிட்ட வெய்யி” என்று ஓர் அக்கா எடுத்து நகர்த்துவார், இன்னொருவர் மறுப்பார், சண்டை மூளும். அந்தச் சண்டைதான் எனக்கு வேண்டியது. ஸ்காண்டிநேவியாவில் 1981இல் தொடங்கிய யுடோப்பியா திட்டத்தில் பத்திரிகை அச்சுத் தொழிலாளர்களோடு இதைத்தான் செய்தார்கள். அப்போது விலை உயர்ந்த அரிய பொருளாக இருந்த லேசர் பிரிண்டருக்குப் பதில் வெறும் அட்டைப்பெட்டியை வைத்து, அதன் மேல் பெயரை எழுதி, பக்கம் அமைக்கும் வேலையை நடித்துப் பார்த்தார்கள். அட்டையை நகர்த்தத் தகுதியோ ஆங்கிலமோ தேவையில்லை.

ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்து தைக்கிறவர்கள் விஷயத்தில் எனக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. லைன் சூப்பர்வைசரை மொழிபெயர்க்கச் சொன்னால், அவர்கள் நீளமாக ஏதோ சொல்ல, இவர் “ஒண்ணும் பிரச்சினை இல்லைங்கறாங்க” என்று முடித்துவிடுவார். பீஸ் ரேட், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு கூலி என்ற கணக்கின் திரையைப் பற்றிய கேள்வி என்றால், அந்தக் கணக்கைப் போடுகிறவரே மொழிபெயர்ப்பாளராக இருப்பது சரியாக வராது. வேறு லைனிலிருந்து, முடிந்தால் அவர்களில் தமிழ் பழகிய ஒருவரையே, அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காமல் உட்கார வைக்கச் சொல்கிறேன். சம்பளம் பிடிக்காமல் என்பதை முன்பே பேசி முடித்துவிட வேண்டும். பீஸ் ரேட்டில் இருப்பவருக்குக் கூட்டம் என்பது கூலி இழப்பு.

சரி, பயனர்கள் தங்கள் பக்கம் என்ன கற்றுக்கொள்ளலாம்? நார்வேயில் 1970களின் தொடக்கத்தில் கிறிஸ்டன் நீகார்ட் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து ஒரு வேலை செய்தார். கணினி மொழி ஒன்றை உருவாக்கிப் பின்னாளில் 2001க்கான ட்யூரிங் விருது பெற்றவர் அவர். தொழிலாளர்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டு போவதோடு நிற்காமல், அவர்களே கணினியைப் பற்றிக் குழுவாகப் படித்து, விவாதித்து, தங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவெடுக்கும்படி அந்தத் திட்டத்தை அமைத்தார். கேட்பதற்கு முன் கற்றுக்கொடுப்பது என்ற இந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. நானும் கூட்டத்துக்கு முன்னால் ஸ்டோர், கட்டிங், பேக்கிங் ஆட்களோடு மட்டும் கொஞ்ச நேரம் உட்காருகிறேன்.

அதில் சொல்வது இவ்வளவுதான். குறை சொல்லும்போது ஒரு தாளோடு வாருங்கள், உங்கள் பேச்சை மறுப்பவர் தாளை மறுக்கத் தயங்குவார். “அடிக்கடி நடக்குதுங்க” என்பதை விட்டு, மாதத்துக்கு எத்தனை தடவை என்று சொல்லுங்கள். அப்படி நடந்தால் எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம் போகிறது என்று சேர்த்துச் சொன்னால் அக்கவுண்ட்ஸ் மேடமே உங்களுக்காகப் பேசுவார். “இந்தத் திரை நல்லா இல்லை” என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது, “வண்டி நிக்கும்போது இத்தனை கட்டம் நிரப்ப முடியாது, வண்டி போன பிறகு நிரப்ப விடுங்க” என்றால் உடனே விளங்கும். தெரியாத வார்த்தை வந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள், உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் அது தெரியாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, “அட்ஜஸ்ட் பண்ணிக்கலாங்க” என்று சொல்லாதீர்கள். கொங்கு நாட்டு மரியாதைக்கு அது அழகு, மென்பொருளுக்கு விஷம். நீங்கள் எதையெல்லாம் அட்ஜஸ்ட் செய்வீர்களோ அதையெல்லாம் பிரச்சினை இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தச் சிறு பழக்கமே பெரிய மாற்றம் தருகிறது. முதல் கூட்டத்தில் கதவோரம் நின்ற அந்த ஸ்டோர் அண்ணன், அதே மென்பொருளைத் திருத்த மறுபடி கூட்டம் போட்டபோது டி.சி. கட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். மேனேஜர் அளவுக்குப் பேசவில்லை. ஒவ்வொரு டி.சி.யாக மேசையில் வைத்து, “இதை எப்படிங்க போடறது?” என்று மட்டும் கேட்டார். லாஸ் சதவீதம் துணி வகைக்கும் நிறத்துக்கும் தனித்தனியாக மாறியது, பகுதி வரவும் ரீ-டை திருப்பமும் அன்றைக்கே ஒப்புக்கொள்ளப்பட்டன.

நன்றாகப் பேசுகிற பயனரை ஒதுக்கவும் வேண்டாம். அவர் இல்லாவிட்டால் எந்த முடிவும் நகராது. ஆனால் அவர் தன் வேலையைப் பற்றிச் சொல்வதை நம்புகிற அளவுக்கு, அடுத்தவர் வேலையைப் பற்றிச் சொல்வதை நம்பக்கூடாது. மெர்ச்சண்டைசர் டையிங் லாஸ் பற்றிச் சொன்னால், “யாரைக் கேட்டுச் சொல்றீங்க சார்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டு, அவரையே ஸ்டோருக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவேன். அவருடைய பேச்சுத்திறனை அங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். ஸ்டோர்காரர் சொன்னதை மறுநாள் மூன்று வாக்கியத்தில் முதலாளிக்குப் புரிய வைக்க அவரைவிட நல்ல ஆள் கிடையாது.

கூட்டக் குறிப்புகளை ஆங்கிலத்தில் மெயில் அனுப்பும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டேன். தமிழில் ஒரே பக்கம். யார் என்ன கேட்டார், என்ன முடிவு, எப்போது வரும் என்று மூன்று பத்தி. எடைத் தராசுக்கு மேலே சுவரில் ஒட்டிவிடச் சொல்வேன். பேர் போட விருப்பமில்லாதவர்களுக்குத் துறை பெயர் மட்டும். முடியாது என்று தீர்மானித்ததையும் காரணத்தோடு அதில் எழுதிவிட வேண்டும். சொன்னது எங்கே போனது என்றே தெரியாவிட்டால் ஆட்கள் இரண்டாவது தடவை வாய் திறக்க மாட்டார்கள். ‘முடியாது’ என்று இருக்கும் வரிகளுக்குப் பக்கத்தில் சில நாளில் யாராவது பேனாவால் “ஏன்?” என்று எழுதியிருப்பார்கள், இன்னொருவர் ஒரு டி.சி. எண்ணைக் குறித்து வைத்திருப்பார். அப்படி வந்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு நான் தனியாக அஜெண்டா தயாரிப்பதில்லை, அந்தத் தாளையே கிழித்துக்கொண்டு போகிறேன்.